நாலாம் அறை நோர்வேக்காரர்

என் வாழ்க்கையில் நான் தனியாக உருவாக்கியது ஒரே ஒரு மனிதரை. (பிள்ளைகள் இருவரையும் தானே தனியாக உருவாக்கியதாக என் மனைவி சொல்கிறாள். அந்த வழக்கை நான் எப்போதோ தோற்றுவிட்டேன்.) என் மனிதருக்கு நான் பெயர் வைத்தேன், நாடு கொடுத்தேன், தொழில் கொடுத்தேன், துறைமுகம் தெரியும் மேல்மாடி அறை ஒன்றும் கொடுத்தேன். நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் இருந்தார். பிறகு அவரைப் பொலிஸ் தேடி வந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருகோணமலையில் ஆறு மாதக் கொம்பியூட்டர் டிப்ளோமா முடித்து, சான்றிதழை லமினேற் பண்ணி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். லமினேற் பண்ணிய கடதாசி கைக்கு வந்துவிட்டால் உலகத்தில் திருத்தாமல் கிடக்கிற விசயங்கள் எல்லாம் கண்ணில் படத் தொடங்கும். என் கண்ணில் முதலில் பட்டது அத்தானின் லொட்ஜ்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். உள்துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஆறு அறைகளோடு ஒரு லொட்ஜ் நடத்திவந்தார். நான் அங்கேதான் தங்கி, அங்கேதான் சாப்பிட்டு, அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஆலோசனைகள் வழங்கிவந்தேன். அத்தானிடம் ஒரு தடித்த கொப்பி இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு நாள், ஒரு வரியில் ஒரு அறை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் எல்லாம் அந்தக் கொப்பியில், முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். அந்தக் கொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஒரு பெருமூச்சு விடுவேன், அவருக்குக் கேட்கும்படியாக.

சண்டையை நிற்பாட்டி வைத்திருந்த காலம் அது. நிற்பாட்டி வைத்திருந்தார்களே தவிர ஒருவரும் அதை முடித்து வைத்திருக்கவில்லை. கடல் வந்து அடித்துப் போன பிறகு, வீடு கட்ட, கிணறு இறைக்க, கூட்டம் வைக்க என்று வெளிநாட்டுக்காரர் நிறையப் பேர் ஊருக்கு வந்து அறை தேடினார்கள். இதுதான் சமயம் என்று நான் அத்தானின் லொட்ஜை மூன்று இணையத்தளங்களில் பதிந்துவிட்டேன். ஒன்று போதாதா என்று அத்தான் கேட்டார். மூன்று என்றால் மூன்று மடங்கு ஆட்கள் என்று விளக்கினேன். என் விளக்கம் சரியாகவே இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரே அறைக்கு மூன்று குடும்பம் பெட்டியோடு வந்து இறங்கியது.

ஒவ்வொரு இணையத்தளமும் ஆறு அறையும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஒன்று விற்றது மற்ற இரண்டுக்கும் தெரியாது. அன்றைக்கு அக்காவும் அத்தானும் தங்கள் அறையைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையின் கீழ் பாய் விரித்தார்கள். மேசையின் கீழிருந்து அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத ஏலாது.

நான் அசரவில்லை. கொழும்பில் இருந்த நண்பன் ஒருவனிடம் சொல்லி, ஒரு சீடியில் ஒரு மென்பொருள் எடுப்பித்தேன். மூன்று தளங்களிலும் வரும் பதிவுகளை அது ஒரே அட்டவணைக்குள் கொண்டுவரும். ஓர் அறை போய்விட்டால் அந்தச் செய்தியை மூன்று தளங்களுக்கும் தானே அனுப்பிவிடும். காலமை ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, தொலைபேசி வயரைக் கழற்றிக் கொம்பியூட்டரில் செருகி இணையத்தோடு இணைத்தால் போதும். வெறும் அறை பச்சை, ஆள் இருக்கும் அறை சிவப்பு. எனக்கு அது ஒரு கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல இருந்தது. கையெடுத்துக் கும்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நாலாம் அறையில் ஒரு சிக்கல் வந்தது.

நாலாம் அறை மேல்மாடியில், யன்னலைத் திறந்தால் துறைமுகம். லொட்ஜின் மிக நல்ல அறை. அதை அத்தான் ஒருபோதும் வாடகைக்கு விடுவதில்லை. அது சொந்தக்காரருக்கு. எங்கள் சனத்துக்கு முன்கூட்டி அறிவித்து வருகிற பழக்கம் கிடையாது. அந்தக் காலத்தில் அறிவிக்கவும் முடியாது. பாதை திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் பஸ் ஏறிவிடுவார்கள். திரும்பப் பாதை பூட்டுவதற்குள் ஆஸ்பத்திரி, கச்சேரியில் அரசாங்க அலுவல், கோணேசர் கோயில், கலியாணப் பேச்சு எல்லாவற்றையும் முடித்துவிடவேண்டும். அப்படி வருகிறவர்களை 'அறை இல்லை' என்று திருப்பினால் அக்கா அதற்குப் பிறகு ஒரு செத்தவீட்டுக்கும் தலைகாட்ட முடியாது. ஆகவே கொப்பியில் நாலாம் வரியை அத்தான் வெறுமையாக விட்டுவிடுவார். அதைப் பார்க்கும் யாருக்கும் விசயம் விளங்கும்.

மென்பொருளுக்கு விளங்கவில்லை. வெறுமையாக இருந்தால் அதற்குப் பச்சை. பச்சை என்றால் விற்றுவிடும். இரண்டு தடவை விற்றது. இரண்டாவது தடவை ஒரு ஜெர்மன்காரர் திறப்போடு போய்க் கதவைத் திறக்க, உள்ளே லிங்கநகரில் நடந்த கலியாணத்துக்கு வந்த பதினொரு பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவர் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்து, தனக்கு அந்த அறை வேண்டாம் என்றார்.

அறையைப் பூட்டி வைக்க மென்பொருளில் ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தது. காசு கட்டி வாங்கியவர்களுக்குத்தான் அது வேலை செய்யுமாம். எங்களுடையது இலவசப் பதிப்பு. டிப்ளோமா படித்தவன் இதற்கெல்லாம் பயப்படலாமா? அறைக்குள் ஓர் ஆளைப் போட்டுவிட்டால் பச்சை சிவப்பாகிவிடும். ஆள் உண்மையாக இருக்கவேண்டும் என்று மென்பொருள் எங்கேயும் கேட்கவில்லை.

தமிழ்ப் பெயர் போட்டால் எந்த ஊர், யார் ஆள் என்று கேள்வி வரும் என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். (அந்த வயதிலும் எனக்கு முன்யோசனை அதிகம்.) வெளிநாட்டுக்காரர்தான் பாதுகாப்பு. அதிலும் நோர்வே. சமாதானம் பேச வந்த நாடு, நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த நாடு, மரியாதையான ஆட்கள். பெயர் ஓல்சன். நாள்: ஒரு வருடம் முழுவதும். தொடர்பு இலக்கம் கேட்டது; எங்கள் லொட்ஜின் இலக்கத்தையே கொடுத்தேன். தொழில் கேட்டது. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. துறைமுகப் பட்டினத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு வருடம் தங்குவதென்றால் அதற்கு ஒரு பொருத்தம் வேண்டாமா? கொஞ்சம் யோசித்து, கப்பல் பொறியியலாளர் என்று போட்டேன்.

நாலாம் வரி முழுக்கச் சிவப்பாக மாறியது. நான் எழும்பி நின்று கையை உயர்த்திச் சோம்பல் முறித்தேன். அன்றைக்கு உலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் யாரும் இல்லை.

இப்போது ஒரு விசயம் சொல்லவேண்டும். லொட்ஜ் வைத்திருப்பவர் அன்றன்றைக்குத் தங்குகிற ஆட்களின் பட்டியலைப் பின்னேரம் பொலிஸ் நிலையத்தில் கொடுக்கவேண்டும். (எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.) அத்தான் அதையும் கையால் எழுதி, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். அதையும் நான் நவீனமாக்கினேன். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் அன்றைய பட்டியல் அச்சாகி வரும். சார்ஜன்ற் அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இப்படி வடிவான பட்டியல் வேறு ஒரு லொட்ஜிலும் வருவதில்லை என்றாராம். கூடவே, கொப்பியும் கடதாசியும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன், ஓல்சனும் சேர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தார். அவரை எடுப்பதென்றால் ஒவ்வொரு நாளும் பட்டியலை நானே திரும்ப அடிக்கவேண்டும். பிறகு எதற்குக் கொம்பியூட்டர்? ஆர் இதையெல்லாம் வாசிக்கப் போகினம் என்று விட்டுவிட்டேன்.

அத்தான் ஒரு தடவை மட்டும் கேட்டார்.

"தம்பி, இந்த நாலாம் நம்பர் ஆள்?"

"அது கொம்பியூட்டருக்கு அத்தான்."

"ஓ, கொம்பியூட்டருக்கோ," என்றார். அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை.

நாலு மாதத்தில் ஊரின் முகம் மாறியது. அங்கே ஒரு வெடி, இங்கே ஒரு வெடி. எடுத்த சோதனைச்சாவடிகள் திரும்ப வந்தன. பாலையூற்றிலிருந்து சந்தைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டை காட்டவேண்டும். பொலிஸ் நிலையத்துக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பட்டியல்களை வாசிப்பார்.

கடற்படைத் தளத்தைப் பார்த்த மேல்மாடி அறையில், நாலு மாதமாக, ஒரு நாளும் வெளியே போகாமல், ஒரு நோர்வேக்காரர். அதுவும் கப்பல் பொறியியலாளர். இன்ஸ்பெக்டர் அதைப் படித்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பிற்காலத்தில் நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஓல்சனின் தொடர்பு இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

அது எங்கள் லொட்ஜ் இலக்கம் என்று தொலைபேசி எடுத்த பொலிஸ்காரருக்குத் தெரியாது. குசினியில் நின்ற அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எடுத்தாள்.

எங்கள் வீடுகளில் அந்த நாட்களில் ஒரு பழக்கம் இருந்தது. யூனிபோம் போட்டவர் யாராவது ஓர் ஆளின் பெயரைச் சொல்லி எங்கே என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் வாயிலிருந்து ஒரு பதில் வந்துவிடும். அந்த ஆள் யார், என்ன செய்தார் என்பதெல்லாம் பிறகு. முதலில் ஆளைக் காப்பாற்றவேண்டும். பிள்ளைகளுக்கு அதை ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அவர்களாகப் பழகிவிடுவார்கள். இதில் ஒரே ஒரு குறை, எல்லாரும் தனித்தனியாகக் காப்பாற்றுவார்கள்.

"ஓல்சனோ? அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை. ஒரு நாளும் இருந்ததுமில்லை," என்று அக்கா சொல்லிவிட்டு வைத்தாள். அவளுக்கு ஓல்சனைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாரோ ஒரு பிள்ளையைத் தேடுகிறார்கள், பாவம் என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

அரை மணித்தியாலத்தில் ஜீப் வந்தது. வடிவான பட்டியல் என்று புகழ்ந்த அதே சார்ஜன்ற், இரண்டு கொன்ஸ்டபிள்மாரோடு. முன்மேசையில் அத்தான் இருந்தார்.

"ஓல்சன் எங்க?"

"கொழும்புக்குப் போயிற்றார் சேர். நேற்று," என்றார் அத்தான், கண்ணை இமைக்காமல்.

சார்ஜன்ற் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். அந்த நேரம் பார்த்து நான் மேலேயிருந்து படியில் இறங்கி வந்தேன். கீழே நடந்தது எனக்குத் தெரியாது.

"ஓல்சன் எங்க?"

உலகத்திலேயே அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்த ஒரே ஆள் நான். அப்படி ஒருவர் இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் யூனிபோமைக் கண்டதும் எனக்கும் வாய் தானாகத் திறந்தது.

"கடைப்பக்கம் போனவர் சேர். இப்ப வந்திடுவார்."

அதையும் எழுதினார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். சார்ஜன்ற் இருவரையும் பார்த்துவிட்டு மேல்மாடிக்கு ஏறினார். அவர் பின்னால் நாங்களும் ஏறினோம்.

நாலாம் அறையில் அப்போது இருந்தது அத்தானின் மாமி, அவருடைய தாய்மாமனின் மனைவி. புல்மோட்டையிலிருந்து கண் ஒபரேசனுக்கு வந்து, ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டி, அதற்குமேல் கறுப்புக் கண்ணாடி போட்டு, கட்டிலில் சாய்ந்து கிடந்தார். சார்ஜன்ற் கதவைத் திறந்து, கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, மாமியைப் பார்த்து, திரும்பவும் பட்டியலைப் பார்த்தார்.

"இந்த அறையில ஓல்சன் எண்டு ஒருத்தர் இருக்கவேணும்."

மாமி வாழ்க்கையில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் வாசலில் மூன்று சோடிச் சப்பாத்து நிற்பது அவருக்கு ஒற்றைக் கண்ணாலேயே தெரிந்திருக்கிறது. பின்னால் மருமகன் வெயர்த்து நிற்பதும் தெரிந்திருக்கிறது.

"ஓமப்பன், ஓல்சன்தானே? தங்கமான பிள்ளை. காலமை நான்தான் இடியப்பம் குடுத்தனான். சாப்பிட்டிட்டுக் கன்னியாவுக்குக் குளிக்கப் போனவர்," என்றார்.

சார்ஜன்ற் மிகவும் பொறுமையாக அதையும் எழுதினார். நேற்றுக் கொழும்புக்குப் போனவர், இன்று காலை இடியப்பம் சாப்பிட்டுக் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துக்கொண்டு, கடைப்பக்கமிருந்து இப்போது வந்துவிடுவார். தொலைபேசியில் கேட்டால் பிறக்கவேயில்லை.

எங்களை ஏற்றினார்கள். கொம்பியூட்டரையும் ஏற்றினார்கள். திரையை ஒரு கொன்ஸ்டபிள் மடியில் வைத்திருந்தார், பெட்டியை நான் வைத்திருந்தேன். அத்தான் கொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தார். அக்கா கேற்றடிக்கு ஓடிவந்தாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. அத்தானின் செருப்பைக் கொண்டுவந்து ஜீப்புக்குள் வைத்தாள். அவர் வெறுங்காலோடு ஏறியிருந்தார்.

இதை எழுதும்போது சிரிக்கத்தான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்க ஏலாது. அக்காவைக் கட்டுவதற்கு முன்னர் ஒரு தடவை அத்தானை இப்படித்தான் ஒரு பின்னேரம் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்ன விசாரணை என்றுதான் சொன்னார்களாம். இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். அங்கே என்ன நடந்தது என்று அக்காவிடம்கூட அவர் சொன்னதில்லை. ஜீப் ஓடத் தொடங்கியதும் என் முழங்காலோடு முட்டிக்கொண்டிருந்த அவருடைய முழங்கால் நடுங்கியது. வீதி நல்ல வீதி. நடுக்கம் ஜீப்பால் வந்தது இல்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஒரு பச்சைக் கட்டத்தைச் சிவப்பாக்க நான் எதை வைத்து விளையாடியிருக்கிறேன் என்று. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. கை இரண்டும் பெட்டியைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். அவர் சிங்களத்தில் கேட்க, சார்ஜன்ற் தமிழில் சொன்னார். ஓல்சன் என்று ஒருவர் இல்லை, அறையைப் பூட்டி வைக்க நான் போட்ட பெயர் அது என்று நான் மளமளவென்று சொல்லி முடித்தேன்.

"அப்ப நீங்க பொலிசுக்குப் பொய் சொல்லியிருக்கிறீங்க."

"இல்லை சேர். நான் கொம்பியூட்டருக்குத்தான் பொய் சொன்னனான். கொம்பியூட்டர்தான் உங்களுக்குச் சொன்னது."

இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லியிருக்க முடியாது என்று எனக்கு அப்போது பட்டது. சார்ஜன்ற் இதை மொழிபெயர்ப்பதற்கு முன் என்னை ஒரு தடவை பரிதாபமாகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அத்தானின் கொப்பியைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நாலாம் வரியில் ஓல்சன், நோர்வே, கப்பல் பொறியியலாளர். நாலு மாதமும், ஒரு நாள் தவறாமல், முத்து முத்தான கையெழுத்தில்.

எனக்கு அதுவரை தெரியாது. கடதாசியும் கொப்பியும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று சார்ஜன்ற் சொன்னதை அத்தான் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்.

"இது ஆரின்ர எழுத்து?"

"என்ர, சேர்."

"இந்த ஆளை நீங்க கண்டிருக்கிறீங்களா?"

"இல்லை சேர்."

"ஆள் இல்லை எண்டு தெரியுமா?"

"தெரியும் சேர்."

"பிறகு ஏன் எழுதினீங்க?"

அத்தான் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தம்பி படிச்சவன் சேர். காரணமில்லாமல் போடமாட்டான் எண்டு நினைச்சன்," என்றார்.

அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. கொப்பியைப் பார்த்து நான் விட்ட பெருமூச்செல்லாம் ஒவ்வொன்றாக எனக்கே திரும்பக் கேட்டது.

எப்படியாவது அவரை வெளியே எடுக்கவேண்டும் என்ற வேகத்தில் அடுத்த பிழையை விட்டேன். கொம்பியூட்டருக்கு வயர் பூட்டி ஓட்டிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். மேசையில் வைத்துப் பூட்டினார்கள். ஓல்சன் எவ்வளவு சுலபமாகப் பிறந்தார் என்று நிரூபிப்பதற்காக, இன்ஸ்பெக்டரின் கண் முன்னால், ஐந்தாம் அறையில், அடுத்த மாதத்துக்கு, ஒரு டென்மார்க்காரரை உருவாக்கினேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அச்சடித்தால் பட்டியலில் இப்படித்தான் வருவார் என்றும் பெருமையாகச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மேசையில் அடுக்கியிருந்த நாலு மாதப் பட்டியலைப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் சொல்லும்போது சார்ஜன்றின் குரலே இறங்கிவிட்டது.

"அப்ப மற்ற ஆக்கள் எல்லாம் இருக்கினம் எண்டு எப்பிடித் தெரியும்?"

ஓர் ஆள் பொய் என்று காட்டப்போய், எல்லா ஆளையும் சந்தேகத்துக்குள் தள்ளிவிட்டேன். மிச்சம் ஐந்து அறையில் இருந்தவர்களும் நேரில் வந்து, தாங்கள் இருப்பதை நிரூபிக்கவேண்டும் என்று உத்தரவு. ஓட்டோக்களில் வந்தார்கள். ஒல்லாந்து நேர்ஸ் ஒருத்தி, மலசலகூடம் கட்ட வந்த பொறியியலாளர் இரண்டு பேர், தொப்பி போட்ட ஒரு பிரெஞ்சுக் கிழவர், முகத்தில் சவர்க்கார நுரை காயாமல் ஒரு கனடாக்காரர். சார்ஜன்ற் பட்டியலோடு நின்று ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, பாஸ்போட்டைப் பார்த்து, ஆளைப் பார்த்து, சரி போட்டார். என்ன விசயம் என்று நேர்ஸ் கேட்டாள். "நீங்க இருக்கிறீங்க. சரி, போகலாம்," என்றார் சார்ஜன்ற்.

ஐந்து பேரும் இருந்தார்கள். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு இப்போது வேறு ஒரு பிரச்சினை. மாதாமாதம் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் ஓல்சனும் போயிருக்கிறார். இல்லாத ஒருவரை நாலு மாதம் இருப்பதாக ஏன் அனுப்பினாய் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவரும் கொம்பியூட்டரைத்தான் காட்டவேண்டும். தேத்தண்ணி வந்தது. அவர் குடித்தார். எங்களுக்கும் கொடுத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சார்ஜன்றின் குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க முதல்ல என்ன சொன்னீங்க?" என்று அத்தானைக் கேட்பித்தார்.

"கொழும்புக்குப் போயிற்றார் எண்டு, சேர்."

"எப்ப?"

"நேற்று."

"எதில?"

"பஸ்ஸில சேர்."

"எழுதுங்க."

அத்தான் கொப்பியில் நேற்றைய பக்கத்தை எடுத்து, நாலாம் வரியின் பக்கத்தில், ஓல்சன் புறப்பட்டுச் சென்றார் என்று எழுதி ஒப்பமிட்டார். சாட்சிக்கு நான் ஒப்பமிட்டு, கொம்பியூட்டரிலிருந்தும் ஓல்சனையும் டென்மார்க்காரரையும் அழித்தேன். ஓல்சன் கொண்டுபோன பெட்டி எத்தனை என்று சார்ஜன்ற் கேட்டார். ஒன்று என்றேன். அதுவும் பதியப்பட்டது. உண்மையைச் சொல்லி ஒன்றும் ஆகாமல், அத்தான் பயத்தில் சொன்ன பொய்யால்தான் எங்களையும் கொம்பியூட்டரையும் விட்டார்கள். இனிமேல் இந்த ஊரில் ஆளை உருவாக்கினால் உன்னை நான் இல்லாமல் ஆக்கிவிடுவேன் என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் நேரடியாகத் தமிழிலேயே சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வெயில் இறங்குவதற்கு முன் வெளியே வந்தோம். அக்கா பொலிஸ் நிலையக் கேற்றடியில் நின்றாள். மத்தியானத்திலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறாள். அத்தானைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள், கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு என் பக்கம் திரும்பி, காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் திடுக்கிடும்படியாக ஓர் அறை விட்டாள். அவர் தடுக்கவில்லை.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஓல்சன் போனதும் நாலாம் அறை பச்சையாகிவிட்டது என்பதை நான் மறந்துபோனேன். அடுத்த நாள் காலமை வழக்கம்போல வயரைச் செருகினேன். மென்பொருள் சந்தோசமாக அறையை விற்றுவிட்டது. பின்னேரம் உயரமான, மஞ்சள் தலைமுடிக்காரர் ஒருவர் முன்மேசையில் கிடந்த திறப்பை எடுத்துக்கொண்டு நான் காண்பதற்கு முன்னரே மேலே போய்விட்டார். கதவு திறந்ததும் கட்டிலில் இருந்த மாமி எழும்பி உட்கார்ந்து, வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியது கீழே குசினிவரை கேட்டது.

"ஐயோ தம்பி ஓல்சன், ஏன் திரும்பி வந்தனீங்கள்? பொலிஸ் தேடுது. பின்பக்கத்தால ஓடுங்கோ!"

அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மாமியின் முகம் விளங்கியிருக்கிறது. ஓடினார். மூன்று இணையத்தளத்திலும் எங்களைப் பற்றி அவர் எழுதியதை நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச மாதத்தில் நிற்பாட்டி வைத்திருந்த சண்டை மறுபடி தொடங்கியது. நேர்ஸ் போனாள், பொறியியலாளர்கள் போனார்கள். பாதைகள் பூட்டிச் சொந்தக்காரரும் வருவதில்லை. மென்பொருளில் ஆறு வரியும் பச்சைப் பசேலென்று கிடந்தது, வாங்க ஆள் இல்லை. ஆனாலும் பட்டியல் கொடுக்கவேண்டும். அத்தான் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு வரியிலும் 'இல்லை', 'இல்லை' என்று எழுதுவார். அந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் அதிகம் கதைப்பதில்லை. துறைமுகப் பக்கம் சத்தம் கேட்டால் எல்லாரும் ஒன்றாக நிமிர்ந்து பார்ப்போம், அவ்வளவுதான்.

அப்படி ஒரு பின்னேரம், மூன்றாம் 'இல்லை'யை எழுதிவிட்டு அத்தான் பேனையை நிற்பாட்டினார். நாலாம் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓல்சனுக்கு ஒருக்கா அறிவிச்சுப் பாப்பமோ?" என்றார்.

அக்கா முதலில் பயந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவருடைய தோள் குலுங்கியது. நான் அத்தானை அப்படிச் சிரிக்க அதற்கு முன் கண்டதில்லை. அக்காவும் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள், பிறகும் சிரித்தாள். நான் கொஞ்ச நேரம் பொறுத்து, சிரிக்க எனக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்ந்துகொண்டேன். பொலிஸ் நிலையத்தால் வந்த நாளிலிருந்து அத்தான் என்னோடு தேவைக்குமேல் கதைத்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து ஓல்சன் எங்கள் குடும்பத்தில் ஓர் ஆள். பாத்திரத்தில் கடைசி வடை காணாமல் போனால் அவர் சாப்பிட்டிருப்பார். வருவதாகச் சொன்ன நாளில் வராத சொந்தக்காரர் கன்னியாவில் குளித்துக்கொண்டிருப்பார். நான் வெளிநாட்டுக்கு வந்து இத்தனை வருடம், என் தொழிலும் கொம்பியூட்டர்தான், ஆனால் என் குடும்பத்தில் யாராவது கணக்குத் திறக்க, படிவம் நிரப்ப என்னைக் கேட்டால், பக்கத்திலிருந்து அக்கா கட்டாயம் சொல்வாள்: "அவனிட்டக் குடுக்காதை, ஆளைப் பெத்துப்போடுவான்."

போன வருடம் அக்காவின் மகளுக்குக் கலியாணம். ஓல்சன் காலத்தில் அவளுக்கு நாலு வயது. அழைப்பிதழ் அனுப்பவேண்டியவர்களின் பட்டியலை அத்தான் கையால் எழுதி, படம் பிடித்து எனக்கு அனுப்பினார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான்தான் சொல்லவேண்டும். எழுத்து இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. கனடா, லண்டன், சுவிஸ் எல்லாம் முடிந்து கடைசி வரியில், நோர்வேயில் ஒரு பெயர்.

தொலைபேசி எடுத்து, "என்ன அத்தான் இது?" என்றேன்.

"சொல்லாமல் விட்டால் மரியாதையில்லை தம்பி," என்றார். "ஆனால் மண்டபத்துக்குக் கணக்குக் குடுக்கவேணும். அவர் தனியாவோ, குடும்பத்தோடயோ வாறார் எண்டு கேட்டுச் சொல்லும்."